வயதான பூனைக்கு வைத்தியம் பார்க்கும்போது
10 வயது தாண்டிய பூனை தண்ணீர்க் கிண்ணத்தையே சுற்றிச் சுற்றி வருகிறதா? தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறதா? சிறுநீரகத்தோடு தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தால் சிறுநீரகக் கோளாறு ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

எங்கள் 16 வயதுப் பூனைக்குச் சிறுநீரகம் பழுது என்றதும் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்தச் சிகிச்சையால் அவள் சாப்பிடுவாளா, நிம்மதியாகத் தூங்குவாளா?" தோலுக்கடியில் ஊசி வழியாகச் சலைன் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுத்தார். பாட்டிலை லேசாக வெதுவெதுப்பாக்கி, மடியில் துண்டு விரித்து ஏற்றினால் அசையாமல் படுத்திருப்பாள். காலண்டரில் நன்றாகச் சாப்பிட்ட நாளுக்கு ஒரு டிக், சாப்பிடாத நாளுக்கு ஒரு கோடு. கோடுகள் கூடிய பிறகுதான் இனி ஊசி வேண்டாம் என்று முடிவெடுக்க முடிந்தது.

அப்புறம், வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.