கோப்பு முறைமை நிரலில் காலாவதியான கமெண்ட்டுகளை நீக்கும் முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் திருநெல்வேலித் தம்பி, லினக்ஸ் கெர்னலுக்குத் தன் முதல் பேட்ச்சாக (அனுப்பும் திருத்தமாக), கோப்பு முறைமை நிரலில் உள்ள பழைய கமெண்ட்டுகளை (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகளை) நீக்கப் போவதாகச் சொன்னார். நான் இடறிய இடத்தில் அவரும் இடறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கெர்னலை இறக்கி ஒருமுறை கம்பைல் செய்துவிட்டீர்கள் என்றே கொள்கிறேன்.

முதலில், வழக்கொழிந்த பெயர் ஒன்றைத் தேடுங்கள். ஒரே தரவில் பலர் ஒரே நேரத்தில் கைவைக்காமல் காக்கும் ஐ_மியூடெக்ஸ் (i_mutex) என்ற பூட்டு, 2016இல் வந்த கெர்னல் 4.7 பதிப்பில் நீங்கி, அதன் இடத்தில் ஐ_ஆர்டபிள்யூசெம் (i_rwsem) அமர்ந்தது. எடிட்டரின் தேடலைவிட, கிட் கருவியின் தேடல் கட்டளையான கிட் கிரெப்பே (git grep) மேல். கம்பைலில் உருவான கோப்புகளுக்குள் அது நுழையாது. முழுச் சொல்லை மட்டும் தேடும் -டபிள்யூ (-w) தெரிவைச் சேர்க்காவிட்டால், இன்றும் புழக்கத்தில் உள்ள ஐ_மியூடெக்ஸ்_கீ போன்றவையும் வந்து குழப்பும்.

அடுத்த படியில் நிதானம் வேண்டும். "அழைப்பவர் ஐ_மியூடெக்ஸைப் பிடித்திருக்க வேண்டும்" என்றிருந்த ஒரு வரியை, பெயர்தான் இல்லையே என்று நான் முழுதாக நீக்கி அனுப்பினேன். பெயர் போனாலும் விதி அப்படியே இருக்கிறது என்ற பதிலுடன் பேட்ச் திரும்பி வந்தது. அப்படியானால் புதிய பெயரை இட்டால் போதும் என்று நினைத்ததும் தவறுதான். மியூடெக்ஸை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். ஐ_ஆர்டபிள்யூசெம்மையோ தனித்தும் பிடிக்கலாம், பலர் பகிர்ந்தும் பிடிக்கலாம். ஒரே அடைவில் பல பெயர்த் தேடல்கள் ஒரே நேரத்தில் நடப்பது அந்தப் பகிர்வினால்தான். ஆகவே அந்தச் செயற்கூற்றை அழைக்கும் இடங்கள் ஒவ்வொன்றையும் திறந்து, அங்கே இருப்பது தனித்துப் பிடிக்கும் ஐநோட்_லாக்கா, பகிர்ந்து பிடிக்கும் ஐநோட்_லாக்_ஷேர்டா என்று பார்த்த பிறகே கமெண்ட்டைத் திருத்துங்கள். விவரிக்கப்பட்ட செயலே நிரலில் இல்லாதபோது மட்டும் நீக்குங்கள். அது எப்போது மறைந்தது என்று அறிய கிட் பிளேமைவிட, ஒரு சொல் சேர்ந்த அல்லது நீங்கிய கமிட்டுகளை (பதிவான மாற்றங்களை) காட்டும் கிட் லாக் -எஸ் (git log -S) எனக்கு அதிகம் உதவுகிறது. பிளேம் ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரை மட்டுமே காட்டும், அவர் வெறும் இடைவெளியைச் சரிசெய்தவராகக்கூட இருக்கலாம்.

பிறகு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, அதில் உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடுங்கள். கமெண்ட் மட்டுமே மாறியிருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: கமெண்ட்டை மட்டுமே தொட்டும் இரு கோப்புகளும் வேறுபடுகின்றன என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையின் பிழைச் செய்திகள் வரி எண்ணையும் சேர்த்தே பதிகின்றன. மூன்று வரி நீங்கினால் கீழுள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும். நீக்கிய இடத்தில் அதே எண்ணிக்கையில் வெற்று வரிகளை விட்டு, பிழை தேட உதவும் டீபக் தகவலை அணைத்துக் கம்பைல் செய்து, ஒப்பீடு முடிந்தபின் அவ்வரிகளை எடுத்துவிடுங்கள்.

இறுதியாக, பேட்ச்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச்சை ஓட்டி, யாருக்கு அனுப்புவது என்று சொல்லும் கெட்_மெயின்டெய்னர் காட்டும் முகவரிகளுக்கு கிட் சென்ட்-இமெயில் வழியே அனுப்புங்கள். கோப்பு முறைமைக்கு ஒன்றாகப் பேட்ச்சைப் பிரிப்பது நல்லது, பராமரிப்பவர்கள் வெவ்வேறு ஆட்கள். எந்தக் கமிட்டால் அந்தக் கமெண்ட் பழையதாயிற்று என்பதை, அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளோடும் தலைப்போடும் விளக்கத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.