கடல் உணவின் இயற்கை நச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலகையைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், கத்தியை மாற்றுகிறார்கள். நல்ல பழக்கம், அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. "நன்றாக வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கைதான் ஆளுக்கு ஆள் மாறாமல் தொடர்கிறது. கிருமி வெந்து சாகும். கிருமியும் பாசியும் உண்டாக்கிவிட்டுப் போன நச்சு வேகாது.

சூடேறிய சூரையைப் பொரித்துச் சமாளிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சலும் இதன்மேல்தான்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் இருந்த பாக்டீரியா சதைக்குள் பரவி, தன் நொதியால் அதை ஹிஸ்டமைன் என்ற நச்சாக மாற்றும். அதற்கு வெதுவெதுப்பும் சில மணி நேரமும் போதும். மீன் நாறாமலே இது நடந்து முடிந்திருக்கலாம் என்பதால் முகர்ந்து பார்த்து முடிவுகட்ட முடியாது.

உண்டான ஹிஸ்டமைன் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் புகை போட்டாலும் போகாது. டின்னில் அடைத்து 121 டிகிரி செல்சியஸில் வேகவைத்தாலும் அப்படியே இருக்கும். ஃப்ரீசர் பாக்டீரியாவை அடக்கும், நொதியை அழிக்காது. மீன் உருகியதும் நொதி வேலையைத் தொடரும். படகில் இரண்டு மணி, வண்டியில் ஒன்று, மேடையில் உருக வைத்தது இரண்டு என்று சூட்டில் கழிந்த நேரமெல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும்.

காற்றோ நீரோ 28 டிகிரியைத் தாண்டும் இடத்தில், மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸுக்குள் போயாக வேண்டும். அதுவே கடைசி வரம்பு, முடிந்தால் உடனே. மீன் எடைக்குச் சமமாக ஐஸ் தூள் எடுத்து அடியிலும் இடையிலும் மேலும் பரப்புங்கள். மேலே நாலு கட்டியைப் போட்டு மூடினால் நடுமுள்ளை ஒட்டிய சதை மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். பெரிய சூரையானால் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு வயிற்றுக்குள்ளும் ஐஸைத் திணியுங்கள். தெர்மாமீட்டரை முதுகின் தடித்த இடத்தில் முள்வரை இறக்கிப் பாருங்கள்: 4 டிகிரி, அல்லது அதற்கும் கீழே. உறைந்த மீனை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே உருக்குங்கள்.

கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் ஹிஸ்டமைனை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் ஒரே மீனில் ஒரு துண்டில் அது குறைவாகவும் பக்கத்துத் துண்டில் பல மடங்காகவும் இருக்கும். அதனால் ஒரே மீனைத் தின்ற நால்வரில் ஒருவருக்கு மட்டும் சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணி நேரத்தில், முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பு எழும், நெஞ்சு படபடக்கும். வாயில் மிளகு போன்ற காரம் தெரிந்தால் உடனே துப்பிவிட வேண்டும்.

"உனக்கு மீன் ஒவ்வாமை"

மேலே சொன்னவருக்கு இப்படிச் சொல்லி, வாழ்நாள் முழுக்க மீனை நிறுத்திவிடுகிறார்கள். ஹிஸ்டமைன் நச்சு என்றால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அடங்கிவிடும். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைக்குக் கட்டுப்படும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. மிச்ச மீனைக் கொட்டிவிடாமல் உறைய வையுங்கள். அதைப் பரிசோதித்தால் ஒவ்வாமையா நச்சா என்பது தெளிவாகும். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: ஹிஸ்டமைனை உடல் சிதைப்பதை அந்த மருந்து தடுப்பதால் பாதிப்பு கடுமையாகும்.

பேத்தை மீனை வீட்டில் சுத்தம் செய்வது

வேண்டாம். ஈரலிலும் சினையிலும் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நச்சு மூச்சுத் தசைகளையே முடக்கும். மாற்று மருந்து கிடையாது.

தண்ணீரின் நிறம் பார்த்துச் சிப்பி எடுப்பது

கடல் சிவக்காமலே நச்சுப்பாசி பெருகும். 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவாற்றலே போனது. காரணம் பாசி உண்டாக்கிய டோமோயிக் அமிலம் என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் மணல் போகும், நச்சு போகாது. தசைகளை முடக்கும் சாக்ஸிடாக்சின் என்ற இன்னொரு பாசி நச்சு வேகவைத்த தண்ணீரில் இறங்கும். அதையே சூப்பாகக் குடிப்பது இன்னும் மோசம். அறுவடைக்குத் தடை போட்ட பகுதியில் கை வைக்காதீர்கள். உதடு மரத்தால் உடனே வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

பவளப்பாறை மீனின் தலையும் ஈரலும்

பெரிய சீலா, களவா, விலாங்கு வகைகளில் சிகுவாடாக்சின் என்ற பாசி நச்சு சேரும். ஈரலிலும் சினையிலும் தலையிலும் அது அதிகம். சுவையிலோ வாசனையிலோ வேறுபாடு இருக்காது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவது போலிருந்தால் அது இந்த நச்சின் அடையாளம். அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு மீனையும் மதுவையும் தொடக் கூடாது. தொட்டால் எரிச்சலும் மரமரப்பும் மறுபடி கிளம்பும்.