பழைய சுழல் நாற்காலி வாங்கும் முன்

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ வீட்டு மூலையில் மேசை போட்டு நாள் முழுவதும் கணக்கு எழுதுகிறவர்கள், பழைய அலுவலக நாற்காலி வாங்கப் போனால் முதலில் அழுத்திப் பார்ப்பது குஷனைத்தான். அமெரிக்க வடிவமைப்பாளர் பில் ஸ்டம்ப் பார்த்தது உட்காருகிற உடலை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவர்களையும் இரத்தநாள மருத்துவர்களையும் கலந்து ஆராய்ந்த பின், ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 1976இல் எர்கான் நாற்காலியை உருவாக்கினார். பிறகு முதியவர்களுக்கான சாய்வு நாற்காலி ஒன்றில் உழைத்தபோது, நுரைமெத்தை உடற்சூட்டையும் ஈரத்தையும் தேக்கிவைப்பது தெரியவந்தது. அந்தச் சாய்வு நாற்காலி விற்பனைக்கு வராவிட்டாலும், டான் சாட்விக் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து 1994இல் அவர் தந்த ஏரான் நாற்காலிக்கு அதுவே வித்து. அதில் நுரையே கிடையாது, வெறும் வலை. மே மாதத்தில் ரெக்சின் இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நம் ஊருக்கு வலை நாற்காலியே என் தேர்வு. வாங்கும்போது வலையின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது தளர்ந்துவிட்டது. உட்கார்ந்து முதுகைச் சாய்த்தபின், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இல்லையேல் அது உங்கள் அளவன்று. ஏரானே மூன்று அளவுகளில் வந்தது அதனால்தான்.

இருக்கையை ஏற்றி இறக்கும், கடைக்காரர்கள் ஹைட்ராலிக் என்று சொல்லும் வாயு உருளையைச் சோதிப்பதில் அவசரம் கூடாது. இருக்கை ஒரு தடவை ஏறி இறங்கியதுமே நான் திருப்தியாகிப் பணம் கொடுத்துவிட்டேன். வீட்டில் கால் மணி நேரத்தில் நாற்காலி சத்தமின்றித் தாழ்ந்து, மேசை என் மார்புக்கு வந்துவிட்டது. முழு உயரத்துக்கு ஏற்றி, கடைக்காரரோடு பேரம் பேசியபடியே பத்து நிமிடமாவது உட்கார்ந்திருங்கள்.

காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோரப் பகுதியில் இருந்த நாற்காலியானால் கவிழ்த்துப் பார்ப்பது அவசியம். சக்கரத்தைப் பிடுங்கினால் வரும் இரும்புக் கம்பியில் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் சக்கரங்களை மட்டும் மாற்றலாம். அது செருகும் குழியைச் சுற்றி ஐந்து கால் அடித்தளத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள்.

வீட்டில் முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி உயரத்தை வையுங்கள். அப்போது பாதம் தரையில் படாவிட்டால், நாற்காலியைத் தாழ்த்தாமல் காலடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளலாம்.