கிளீனர் ஓடுகிறது, குளம் ஏன் பச்சையாகிறது?

வீட்டு நீச்சல் குளத்துக்கு ரோபோ கிளீனர் வந்ததும் பலர் முதலில் கைவிடுவது தண்ணீரைச் சோதிக்கும் பழக்கத்தை. கிளீனர் அள்ளுவது மண்ணும் இலையும்தான். தரை பளிச்சென்று இருக்கும்போதே தண்ணீரில் குளோரின் தீர்ந்துபோய், பாசி வளரத் தொடங்கியிருக்கலாம். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2 முதல் 7.8: இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாசி பிடித்த குளத்தில் கிளீனரை இறக்கி, 'இரண்டு சுற்று ஓடினால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதும் வீண். பாசித் துகள் பொடிப் பொடியானது. ஃபில்டர் பைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி, தண்ணீரையே கலக்கிவிடும். முதலில் பிரஷ்ஷால் தேய்த்து, அதிக அளவு குளோரின் போடுங்கள். அந்த நேரத்தில் கிளீனர் குளத்துக்குள் இருக்கக் கூடாது. ரப்பர் சீலும் கேபிள் உறையும் அரித்துப்போகும். குளோரின் மேலே சொன்ன அளவுக்கு இறங்கிய பிறகு கிளீனரை விடலாம்.

என்னைக் கேட்டால், கிளீனரைக் கெடுப்பதில் முதலிடம் கழுவாத ஃபில்டருக்குத்தான். குப்பையைக் கொட்டிவிட்டுப் பையை உதறினால் போதாது. உள்பக்கம் தடவிப் பாருங்கள், சோப்பு போல வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். உடம்பில் பூசிய சன்ஸ்கிரீன் எண்ணெயும் நுண்தூசியும் சேர்ந்த கலவை அது. பையைத் திருப்பிப் போட்டு, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அந்தப் படலம் துளைகளை அடைத்தால் உறிஞ்சும் வேகம் குறையும்; ரோபோ சுவரில் பாதி ஏறி வழுக்கி விழும். மோட்டார் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பையைப் பாருங்கள்.

கேபிளைப் பிடித்து அப்படியே மேலே தூக்காதீர்கள். மெதுவாக ஓரத்துக்கு இழுத்து வந்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். தண்ணீருக்கு வெளியே 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போடவும் வேண்டாம். பல மாடல்களில் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். அப்புறம், பம்போடு இணைத்து ஓடும் உறிஞ்சு வகை என்றால் பம்பின் கூடையைக் காலி செய்யாமல் விடாதீர்கள். கூடை இலையால் நிரம்பினால் பம்புக்குத் தண்ணீர் வராமல் போகும்.

ரோபோ மின்சாரத்தில் ஓடுவது. அது உள்ளே இருக்கும்போது யாரும் குளத்தில் இறங்கக் கூடாது, 'ஒரே ஒரு முங்கு' என்று பிள்ளைகள் கெஞ்சினாலும்.