மும்பைக்கு வெளியே வீடு: ஆபீஸ் ஸ்டேஷனிலிருந்து தேடத் தொடங்குங்கள்

மும்பையில் வேலை கிடைத்து வருகிற நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் வீடு கிடைக்குமா என்றுதான். கோயில் இருக்கிறது, வாழையிலை கிடைக்கிறது, தெருவில் தமிழ் காதில் விழுகிறது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் நடுத்தரச் சம்பளத்தில் குடும்பத்தோடு வருகிறவருக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகாது. இரண்டு வீடு பார்த்து முடிப்பதற்குள் புரோக்கரே ‘டோம்பிவிலி பாருங்க, பத்லாபூர் பாருங்க, விரார் பாருங்க’ என்று ஆரம்பித்துவிடுவார். புதிதாக வந்தவருக்கு எல்லாப் பெயரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்கே வாடகை குறைவோ அங்கே டோக்கன் கொடுத்துவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். வாடகையை அப்புறம் பார்க்கலாம். உங்கள் ஆபீஸுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் பாதி ஊர்கள் தானாகவே கழிந்துவிடும்.

இந்த நகரம் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. மூன்று ரயில் பாதைகள்தான் அதன் முதுகெலும்பு. சர்ச்கேட்டிலிருந்து பாந்த்ரா, அந்தேரி, போரிவிலி வழியாக விராருக்கும் அதைத் தாண்டி தஹாணுவுக்கும் போவது வெஸ்டர்ன். பழைய ஆட்கள் இன்னமும் வி.டி. என்று சொல்கிற சிஎஸ்எம்டியிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) தாதர், குர்லா, தாணே வழியாகக் கல்யாண் போய், அங்கே கசாராவுக்கும் கர்ஜத்துக்கும் இரண்டாகப் பிரிவது சென்ட்ரல். சிஎஸ்எம்டியிலிருந்து வாஷி, பேலாப்பூர் வழியாகப் பன்வேல் போவது ஹார்பர். ஒரே பாதையில் போய்வருவது எளிது. பாதை மாற நேர்ந்தால் தாதரிலோ குர்லாவிலோ பாலம் ஏறி இறங்கி, கூட்டத்தில் முட்டி மோதி அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டும். தினமும் இரண்டு வேளையும் இதே கதை என்றால், மிச்சம் பிடித்த வாடகை கைக்கு வந்தாலும் உடம்பு தாங்காது.

ஆபீஸ் மலாட், கோரேகாவ் பக்கம் என்றால் வெஸ்டர்னைத் தவிர வேறு யோசனை வேண்டாம். பவாய் என்றால் சென்ட்ரலில் காஞ்சூர்மார்க் இறங்கலாம். அந்தேரி கிழக்கு, சீப்ஸ் எனப்படும் ஏற்றுமதி மண்டலம் பக்கம் வேலை என்றால் சென்ட்ரலில் வருகிறவர்கள் காட்கோபரில் இறங்கி மெட்ரோ பிடிப்பார்கள். அந்த மெட்ரோ 2014இல் வந்த பிறகுதான் கல்யாண் பக்கம் குடியிருந்துகொண்டு அந்தேரியில் வேலை பார்ப்பது ஓரளவு சாத்தியமானது. பிகேசி எனப்படும் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸுக்குப் பாந்த்ராவிலிருந்தும் போகலாம், குர்லாவிலிருந்தும் போகலாம். அதனால் அங்கே வேலை என்றால் வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டுமே சரிதான். ஐரோலி, கண்சோலி, மஹாபே ஐடி கம்பெனிகளுக்குத் தாணேயில் இறங்கி வாஷி, பன்வேல் பக்கம் போகும் டிரான்ஸ்ஹார்பர் வண்டிக்கு மாற வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒரே ஸ்டேஷனுக்குள் நடந்துவிடலாம்.

பாதை முடிவானதும் அடுத்த கேள்விக்கு வருவோம். காலையில் வண்டி அந்த ஊரிலிருந்தே புறப்படுகிறதா, அல்லது எங்கிருந்தோ நிரம்பி வருகிறதா? புதிதாக வருகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது. நான் சொல்லுகிறதிலேயே முக்கியமானதும் இதுதான். டோம்பிவிலி சிஎஸ்எம்டியிலிருந்து 48 கிலோமீட்டர். பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பத்லாபூர் 68 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கணக்குப்படி டோம்பிவிலிதான் வசதி. ஆனால் கர்ஜத், கசாரா பக்கத்திலிருந்து வரும் ஃபாஸ்ட் வண்டிகள் கல்யாணிலேயே நிரம்பிவிடும். டோம்பிவிலியில் ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் நிற்கத்தான் இடம், சில நாள் அதுவும் இல்லை. பத்லாபூரிலிருந்தே புறப்படும் லோக்கலில் ஏறுகிறவர் உட்கார்ந்து, ஒரு தூக்கம் போட்டு, தாதரில் தெம்பாக இறங்குவார். டோம்பிவிலியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் புறப்படும் வண்டிகளும் உண்டு. அவற்றின் நேரம் உங்கள் ஷிப்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வீடு தேடுங்கள். சீட்டுக்காக எதிர்த் திசையில் இரண்டு ஸ்டேஷன் போய், அதே வண்டியில் உட்கார்ந்தபடி திரும்பி வருகிறவர்களையும் இங்கே பார்ப்பீர்கள். அவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள்.

திவா, மும்ப்ரா இரண்டும் தாணேயை ஒட்டியவை, வாடகையும் குறைவு. ஆனால் காலை நேரத்தில் அங்கே ஃபாஸ்டில் ஏறுவது பெரும்பாடு. 2025 ஜூனில் மும்ப்ரா அருகே, எதிரெதிராகச் சென்ற இரண்டு நெரிசலான வண்டிகளின் படியில் தொங்கியவர்கள் விழுந்து உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் தானாக மூடும் கதவு பற்றி ரயில்வே அவசரமாகப் பேசத் தொடங்கியது. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போக வேண்டியவருக்கு இந்த இரண்டு ஊர்களையும் நான் சொல்லமாட்டேன்.

டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் நான்கையும் ஒப்பிட்டால், குடும்பத்தோடு வருகிறவருக்கு என் ஓட்டு முதலில் அம்பர்நாத்துக்கும் பத்லாபூருக்கும்தான். டோம்பிவிலி வாடகைக்கு அங்கே ஒரு அறை கூடுதலாகவே கிடைக்கும். டோம்பிவிலியில் கடை கண்ணி, பள்ளி, மருத்துவமனை எல்லாம் கூடுதல். தென்னிந்தியர்கள் ஏராளம், மாவு வாங்க அலைய வேண்டாம். ஆனால் கிழக்குப் பக்கம் கெமிக்கல் தொழிற்பேட்டை இருக்கிறது. 2016 மே, 2024 மே என்று இரண்டு பெரிய வெடிவிபத்துகள் நடந்த இடம். அந்தப் பேட்டையை ஒட்டி வீடு எடுக்க வேண்டாம். ஷீல்பாட்டா சாலை ஓரமாக எழும்பியிருக்கும் பெரிய டவுன்ஷிப்புகள் பார்க்க அழகுதான். ஆனால் ‘டோம்பிவிலி’ என்று விளம்பரம் செய்தாலும் டோம்பிவிலி ஸ்டேஷன் அங்கிருந்து தூரம், சாலையில் நெரிசலும் பேர்போனது.

பத்லாபூரைத் தாண்டி வாங்கணி, ஷேலு, நேரல் என்று போனால் வீடு இன்னும் மலிவு. வண்டிகளும் இன்னும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை பிளாட்பாரத்தில் காத்துக் கிடக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஆபீஸ் போகிறவருக்குச் சரி, தினமும் போகிறவருக்கு வேண்டாம். கசாரா பக்கம் டிட்வாலாவுக்கு அப்பாலும் இதே நிலைதான்.

ஊருக்குப் போகிற வசதியும் ஒரு காரணம் என்றால் கல்யாண் பக்கம் சாய்வதே நல்லது. சென்னை, கோவை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று புனே வழியாகப் போகும் வண்டிகள் கல்யாணில் நின்று போகின்றன. கைக்குழந்தையும் நான்கு பெட்டியுமாகத் தாதர் வரை போக வேண்டியதில்லை. கொங்கண் வழி வண்டிகளுக்குப் பன்வேல் பக்கம் இருப்பவர்களுக்கு வசதி.

வெஸ்டர்னில் மீரா ரோடு, வசாய், நாலாசோப்பாரா, விரார். மீரா ரோடு இப்போது மலிவு என்று சொல்ல முடியாது. விராரிலிருந்து வண்டி புறப்படுவதால் சீட் கிடைக்கும். நாலாசோப்பாராவில் ஏறுகிறவருக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. மாலையில் விரார் ஃபாஸ்டில் ஏறி போரிவிலியில் இறங்க நினைத்தால் உள்ளே இருப்பவர்கள் விடமாட்டார்கள், சண்டைக்கே வருவார்கள். இது எழுதப்படாத சட்டம். வசாய்க்கும் திவாவுக்கும் இடையே மெமு என்கிற மின்சாரப் பாசஞ்சர் வண்டி ஓடுகிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் அதை நம்பி இரண்டு பாதைக்கும் நடுவில் குடும்பம் நடத்த முடியாது.

ஹார்பர் பக்கம் நவி மும்பை. அரசின் நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோ திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால் சாலைகள் அகலம், ஸ்டேஷன்கள் விசாலம். ஆனால் பன்வேலிலிருந்து சிஎஸ்எம்டி வரை ஃபாஸ்ட் கிடையாது. எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று 49 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகும். வேலை வாஷி, பேலாப்பூர், துறைமுகப் பக்கம் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. 2024 ஜனவரியில் உரண் வரை ரயில் போய்விட்டதால் அந்தப் பாதையில் இருக்கும் உல்வே பக்கம் குடியேறுவோர் கூடியிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் புது விமான நிலையமும் ஓடத் தொடங்கிவிட்டது. வாடகை இனி ஏறத்தான் செய்யும்.

இனி கட்டடத்தின் பத்திரங்களுக்கு வருவோம். வெளிவட்ட ஊர்களில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் இதுதான். கல்யாண் டோம்பிவிலி மாநகராட்சி எல்லையில் 65 கட்டடங்கள் போலி அனுமதிக் கடிதம் காட்டி, ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் மாநில அமைப்பான மகாரேராவின் பதிவே வாங்கியிருந்தன. இடிக்கச் சொல்லி 2024இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாலாசோப்பாராவில் 41 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் விராரில் அனுமதியில்லாமல் கட்டிய குடியிருப்பு ஒன்றின் பகுதி சரிந்து பலர் இறந்தார்கள். வாடகைக்குத்தானே போகிறோம், நமக்கென்ன என்று இருக்கக் கூடாது. கட்டடத்துக்கு ஓ.சி. (குடியேறலாம் என்று தரும் சான்று) இருக்கிறதா, சொசைட்டி (வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்) பதிவாகியிருக்கிறதா, மாநகராட்சித் தண்ணீர் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். தண்ணீருக்கு முழுக்க டேங்கர்தான் என்றால் அங்கேயே சந்தேகப்படலாம். பெரிய தொகையாக டெபாசிட் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இருக்கும் ‘ஹெவி டெபாசிட்’ ஏற்பாடு இங்கே உண்டு. ஓ.சி. இல்லாத கட்டடத்தில் அதற்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

ஒப்பந்தத்தை இங்கே ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ என்பார்கள், வழக்கமாகப் பதினொரு மாதத்துக்குப் போடுவார்கள். பதினொரு மாதம்தானே, பதிவு தேவையில்லை என்று நம்மூர் வழக்கத்தை வைத்துச் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் அது செல்லாது. 1999ஆம் வருட வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் பதிவு செய்தே ஆக வேண்டும், அந்தப் பொறுப்பும் வீட்டுக்காரருடையது. ஏஜென்ட் வீட்டுக்கே கைரேகை மெஷினோடு வந்து ஆன்லைனில் முடித்துக் கொடுப்பார். அந்தப் பத்திரம் இருந்தால் ஆதார் முகவரி மாற்றம், கேஸ் இணைப்பு எல்லாம் சுலபம். புரோக்கர் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை. சில சொசைட்டிகள் பேச்சிலர்களை விடாது, சிலவற்றில் அசைவம் சமைக்கிறவர் என்றால் முகம் சுளிப்பார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுவது மரியாதை.

மழைக்காலம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. 2019 ஜூலையில் பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவே வெள்ளத்தில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டு, ஆயிரம் பயணிகளைப் படகு வைத்து மீட்டார்கள். காரணம் உல்லாஸ் நதி. ‘ஆற்றைப் பார்த்த வீடு’ என்று விளம்பரம் செய்வார்கள். மழை கொட்டினால் ஆறும் நம்மைப் பார்க்க வரும். வசாய், நாலாசோப்பாரா தாழ்வான பகுதி. 2018 ஜூலையில் தண்டவாளமே மூழ்கி வண்டிகள் நின்றன. தரைத்தளத்தில் வீடு வேண்டாம். அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை வாட்ச்மேனிடமோ முனைக் கடைக்காரரிடமோ கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் மராத்தி கட்டாயம், எந்தப் போர்டானாலும். வீட்டுப் பெரியவர்களும் மராத்தி பழகிக்கொள்வது நல்லது. இந்தியில் சமாளிக்கலாம், ஆனால் டோம்பிவிலி, பத்லாபூர் பக்கம் சொசைட்டி நோட்டீஸ் பெரும்பாலும் மராத்தியில்தான் ஒட்டுவார்கள். நான்கு வார்த்தை மராத்தி பேசினால் பக்கத்து வீட்டுக் காக்கு (சித்தி என்பதற்கான மராத்திச் சொல்) தானாகவே உதவிக்கு வருவார்.

ரயில் பாஸ் மாதத்துக்கு எடுங்கள், இடம் பிடித்துப்போனால் மூன்று மாதத்துக்கு. இரண்டாம் வகுப்புக்குச் சில நூறு ரூபாய்தான், முதல் வகுப்பு பல மடங்கு. ஏசி லோக்கல் அதற்கும் மேல், ஆனால் கதவு மூடியிருக்கும். தூரத்தில் வீடு எடுத்து மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை இதற்குச் செலவழிப்பது வீண் இல்லை. பெண்களுக்கென்றே கல்யாண், விரார், பன்வேல் பக்கங்களில் லேடீஸ் ஸ்பெஷல் ஓடுகிறது. ஞாயிறு அன்று பராமரிப்புக்காகச் சில வண்டிகளை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் இருக்கும் என்பதால் அன்று மாட்டுங்கா போக நினைத்தால் முதலில் அதைப் பாருங்கள். மாட்டுங்காவில் ஃபாஸ்ட் நிற்காது, வழியில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோவுக்கு மாற வேண்டும்.

வீடு பிடித்திருந்தாலும் உடனே டோக்கன் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் காலி வண்டியில் போய்ப் பார்த்த ஊர் வேறு. வேலை நாளில் ஒரு காலை அந்த ஸ்டேஷனிலிருந்து உங்கள் ஆபீஸ் நேரத்துக்கு ஏறிப் பாருங்கள், அன்று மாலையே கூட்டத்தோடு திரும்பியும் பாருங்கள். குடும்பத்தில் வேலைக்குப் போகிற இன்னொருவர் இருந்தால் அவரும் தன் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போய்ப் பார்க்கட்டும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ இரவு எத்தனை மணி வரை ஓடும் என்பதையும் அன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.