புது ஏர் ரைஃபிளுக்கு முதல் டப்பா பெல்லட்

புது ரைஃபிளில் ஸ்கோப்பை மாட்டி, அட்டையில் பத்து குண்டு போட்டுப் பார்த்து, எல்லாம் சிதறுகிறதே என்று கலங்குபவர்கள் நிறைய. முதல் நாளில் அந்தக் கலக்கமே வேண்டாம். பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிளில் ஸ்பிரிங், அது தள்ளும் பிஸ்டன், காற்று கசியாமல் அடைக்கும் சீல் மூன்றும் ஒன்றோடொன்று உரசிப் பழக நேரம் பிடிக்கும். சில நூறு பெல்லட் (ஏர் ரைஃபிளுக்கான சின்னக் குண்டு) போன பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். 500 பெல்லட் உள்ள ஒரு டப்பாவை நான் இதற்கென்றே ஒதுக்கிவிடுவேன். அது காலியாகும் வரை ஸ்கோப் பெட்டியை விட்டு வெளியே வராது. ரைஃபிளிலேயே உள்ள, குறிபார்க்கும் சைட்டே போதும்.

சுடுவதற்கு முன் பேரலைத் துடைக்க வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் உள்ளே இருக்கும். காக் ஆகாத (ஸ்பிரிங் அழுந்திக் கொக்கியில் மாட்டாத) அளவுக்குப் பேரலைக் கொஞ்சமாகத் திறந்து, தடித்த தூண்டில் நரம்பை இரண்டாக மடித்து, முனைப் பக்கமிருந்து உள்ளே விடுங்கள். பெல்லட் வைக்கும் பக்கம் வெளிவரும் வளையத்தில் சின்னப் பருத்தித் துண்டை மாட்டி, முனை வழியாக இழுத்து எடுங்கள். துணி ஓரளவு சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றி இழுத்தால் சரி. இரும்புக் கம்பியும் முரட்டு பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம். பேரல் முனையின் உள்விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் குறி கெடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் மாதிரியான கரைப்பான்களும் கூடாது. பேரல் மூடும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை அவை கெடுத்துவிடும்.

முதல் சில குண்டுகளுக்குப் புகை வரும், எண்ணெய் தீய்ந்த வாடையும் அடிக்கும். பயப்பட வேண்டாம். பிஸ்டன் பாய்ந்து வரும் வேகத்தில் காற்று சட்டென்று நெருக்கப்பட்டுச் சூடாகிறது, அங்கே மிச்சமிருக்கும் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜினில் நடப்பதும் இதுதான், அதனால் இதை டீசலிங் என்பார்கள். சுடச்சுட இது குறைய வேண்டும். குறையாமல், ஒவ்வொரு குண்டுக்கும் பட்டாசு போல வெடிச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். உள்ளே எண்ணெய் அதிகம் என்று பொருள், சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். இந்தக் கட்டத்தில் வேகத்தை அளந்து மகிழ்வதிலும் பயனில்லை. எரியும் எண்ணெய் கூட்டிக் கொடுக்கும் வேகம் அது.

பெல்லட் இல்லாமல் ட்ரிகரை அமுக்கவே கூடாது. பெல்லட் வழியை அடைத்திருப்பதால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தையாக நின்று அதைத் தாங்குகிறது. அது இல்லையென்றால் பிஸ்டன் நேராகக் காற்று அறையின் முன்சுவரில் போய் மோதும். "சும்மா ஒரு தடவை அமுக்கிப் பார்க்கிறேன்" என்று கேட்கும் நண்பர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். மிக லேசான பெல்லட்டும் கிட்டத்தட்ட இதே கெடுதலைச் செய்யும். 4.5 மி.மீ. பேரலுக்கு 7 முதல் 8.5 கிரெயின் (பெல்லட் எடையைச் சொல்லும் சிறு அலகு), 5.5 மி.மீ. பேரலுக்கு 14 முதல் 16 கிரெயின் எடையுள்ள ஈய பெல்லட்டில் தொடங்கலாம். இரும்புக் குண்டுகளை உட்புறம் சுருள் வரிப்பள்ளம் உள்ள பேரலில் போடாதீர்கள்.

லோடு செய்யும்போது ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்கட்டும். கொக்கி நழுவினால் பேரல் விரலோடு சேர்த்து மூடிக்கொள்ளும். பேரல் திறந்திருக்கும்போது ட்ரிகர் பக்கம் விரலே போகக்கூடாது.

அடுத்தது ஸ்க்ரூக்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னுமாக இரண்டு திசையிலும் உதைக்கும், அந்த அதிர்வில் ஸ்டாக்கை, அதாவது மரப்பிடியைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் மெல்லத் தளரும். முதல் டப்பா முடியும்வரை ஐம்பது குண்டுக்கு ஒருமுறை சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் இருப்பவை, ட்ரிகர் கார்டில் இருப்பவை, எல்லாவற்றையும்தான். இறுக்கமாக இருந்தால் போதும், மரம் நசுங்கும் அளவுக்குத் திருக வேண்டாம். திரும்பத் திரும்பத் தளர்ந்தால் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு விடுங்கள். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த ரைஃபிள் திடீரென்று சிதறினால், உங்கள் கையையும் ஸ்கோப்பையும் சந்தேகிக்கும் முன் ஸ்க்ரூவைச் சந்தேகியுங்கள்.

பிடியும் முக்கியம். முன்னால் தாங்கும் கையின் உள்ளங்கையை விரித்து ரைஃபிள் அதன்மேல் சும்மா உட்காரும்படி வையுங்கள், தோளிலும் அழுத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி உதைக்க இடம் கொடுத்தால் குண்டுகள் ஒன்றுசேரும். அப்புறம் ஸ்கோப்பை மாட்டலாம். இரு திசை உதையையும் தாங்கும் என்று குறிப்பிட்ட ஸ்கோப்பாகவும், பின்னால் நகராமல் தடுக்கும் ஊசி உள்ள மவுண்ட்டாகவும் (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் கவ்வி) இருக்கட்டும்.

எண்ணெயில் கஞ்சத்தனம் நல்லது. பேரல் மடங்கும் மூட்டிலும் காக்கிங் கம்பி உரசும் இடத்திலும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) துளியூண்டு போதும். காற்று அறைக்குள் தையல் மெஷின் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது டீசலிங்குக்கு அழைப்பு. செயற்கை சீல் என்றால் நீண்ட காலம் எதுவுமே வேண்டாம். தோல் சீல் காயக்கூடாது, அதற்கு மட்டும் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயை அவ்வப்போது சில சொட்டு விட வேண்டும்.

வேகம் குறைவதாகத் தோன்றினால் பேரல் மூடும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டை வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, பெல்லட்டோடு சுடுங்கள். டிஷ்யூ துள்ளினால் அங்கே காற்று கசிகிறது. ரப்பர் வளையத்தை மாற்றுவது எளிய வேலை. பேரலை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியதில்லை, குறி கெடும்போது செய்தால் போதும். சுத்தம் செய்த பிறகு கொஞ்சம் பெல்லட் போனால்தான் மறுபடி நிலைக்கு வரும்.

சுட்டு முடித்ததும் ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைவியர்வை பட்ட இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். காக் செய்தபடி வைக்காதீர்கள், ஸ்பிரிங் தளரும். ஈரம் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பெட்டிக்குள் மாதக்கணக்கில் அடைக்காமல், பூட்டிய அலமாரியில் நிறுத்தி வையுங்கள்.

ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். காக் செய்யாதபோதும் அது அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பதற்கென்று உள்ள கம்ப்ரஸர் கருவி இல்லாமல் பின்மூடியைத் திறந்தால் முகத்தை நோக்கிப் பாயும். அந்த வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.