பேட்டரியோடு இன்வெர்ட்டர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கூனில் கரண்ட் முறைவைத்து வருவதால், இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்பவர்கள் நம்மில் நிறையப் பேர். "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்கிறார்கள். சரி, அடிக்காது. ஆனால் தீப்பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 1,000 வாட்டுக்கு நாலரை ஆம்பியர்கூட வேண்டாம். அதே 1,000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க 83 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 95 ஆகும். வீட்டு பிளக்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. வயர் இதைத் தாங்காது, உறை உருகிவிடும். 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடுங்கள். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஃபியூஸ் இல்லாத இணைப்பு. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் கேபிளைக் காப்பாற்றாது. வழியில் எங்காவது உறை கிழிந்து இரண்டு கேபிளும் உரசினால், பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல்கூடக் கொட்டும். அதனால் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பேட்டரியின் ஒருதிசை மின்சாரத்துக்கான (டிசி) 125 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டுக் கரண்டுக்கான, அதாவது மாறுதிசை மின்சாரத்துக்கான (ஏசி) பிரேக்கர் அதற்கு ஈடாகாது. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அது அணையாமல் எரியும்.

அப்புறம் வாஷர். பேட்டரி டெர்மினலுக்கும் லக்குக்கும் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) நடுவில் வாஷரைச் செருகி முறுக்குகிறார்கள். மின்சாரம் முழுவதும் அந்த இரும்புத் தகடு வழியாகப் போய்ச் சூடாகும். முதலில் லக், அதன்மேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். இறுக்கியபின் மேலே வாசலின் தடவினால் மழைக்கால ஈரத்தில் பச்சை பூக்காது.

சார்ஜரை பேட்டரியின் வகைக்கேற்ப அமையுங்கள். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு 14.4 வோல்ட் ஏற்றி, நிறைந்ததும் 13.6 அளவுக்கு இறக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு ஈக்வலைஸ் (வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது) கூடவே கூடாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். கட்டிலுக்கு அடியில், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இன்வெர்ட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகுவதை உடனே நிறுத்துங்கள். மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியே திரும்பி உயரழுத்தமாகி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும். இதற்கு, வெளிக் கரண்ட், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்தே போடுங்கள்.